நன்றி சொன்ன நாய்

சட்டையின் மேல்பாதிக்கு மட்டும் இஸ்திரி போடுவது அந்த நிருபரின் வழக்கம். தொலைக்காட்சியில் இடுப்புக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்? அன்று காலையும் காலரையும் தோள்பட்டையையும் அக்கறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது செய்தி ஆசிரியர் அழைத்தார்.

"கட்டிக்கிட்டு இருக்கிற ஒரு அடுக்குமாடியில லிப்ட் பள்ளத்துல நாய் விழுந்துடுச்சாம். தீயணைப்பு வண்டி கிளம்பிடுச்சு. நீ எங்க இருக்க?"

"வண்டியிலதான் சார், போயிட்டே இருக்கேன்," என்றார் அவர், இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பொய் சொல்றப்ப குரல் எவ்வளவு தெளிவா வருது உங்களுக்கு! செய்தியில பேசறப்பதான் தடுமாறுது."

சிறிய தொலைக்காட்சி அது. நிருபரும் அவர்தான், ஒளிப்பதிவாளரும் அவர்தான். எந்தக் கூட்டத்திலும் கேமராவோடு முண்டியடித்து முன்னால் போய் நின்றுவிடுவார் என்பதால் ஊரில் அவருக்கு 'லைவ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பூச்சுப் பூசாத சுவருக்குப் பக்கத்தில், காலி சிமெண்ட் சாக்குகளின்மேல், ஒரு செம்பழுப்பு நாய் நனைந்து நடுங்கியபடி நின்றது. எதிர்வீட்டு அம்மா ஒரு துண்டால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். தீயணைப்புத் துறைக்குத் தகவல் சொன்னவரே அவர்தான். இடுப்புவரை சேறு அப்பிய தீயணைப்பு வீரர் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

லைவின் முகம் தொங்கிப் போயிற்று. படம் இல்லாத மீட்பு அவருடைய தொழிலில் திரையின் அடியில் ஓடும் ஒற்றை வரிதான். தண்ணீர் தேங்கிய பள்ளத்தையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீயணைப்பு வீரரிடம் போனார்.

"அண்ணே, ஒரே ஒரு தடவ. மறுபடி இறக்கித் தூக்கிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"விளையாடுறியா லைவ்? இப்பதான் ஏத்திட்டு மூச்சு வாங்கிட்டு இருக்கேன்."

"பேரு யாருக்கு? உங்களுக்கும் உங்க துறைக்கும்தான். நீங்க உள்ள இறங்குனீங்கன்னு சொன்னா உங்க வீட்லயே நம்ப மாட்டாங்க, பாத்துக்குங்க."

கூட்டம் சிரித்தது. "இறங்குங்க சார், நாங்களும் சரியாப் பாக்கல!" என்று ஒரு குரல் வந்தது. நாலைந்து கைபேசிகள் உயர்ந்தன.

எதிர்வீட்டு அம்மா மட்டும் எழுந்தார். "ஏம்ப்பா, அறிவிருக்கா உனக்கு? ராத்திரி முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப் போச்சு அதுக்கு. மேல வந்த உயிர மறுபடி கீழ விடுவீங்களா?"

"நல்லதுக்குத்தான்க்கா. இதப் பாத்து இன்னும் நாலு பேரு நாய்க்கு உதவி செய்ய வருவாங்கல்ல?"

அதைச் சொல்லும்போது அவர் அதை நம்பவும் செய்தார்.

தீயணைப்பு வீரர் தயங்கினார். கைபேசிகளைப் பார்த்தார். பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். எங்கே போகிறோம் என்று நாய்க்குப் புரிந்துவிட்டது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு இறுக்கிக்கொண்டு, முகத்தை அவருடைய தோளில் அழுத்திக்கொண்டது. லைவ் ஓடிப்போய் விளிம்பில் மண்டியிட்டு, அந்த முகத்தைத் திரை நிறைய எடுத்தார்.

"அப்படியே நில்லுங்கண்ணே! அருமை, அருமை! இப்ப தண்ணியில விடுங்க."

கழுத்தைப் பிடித்திருந்த கால்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் விட வேண்டியிருந்தது. திரும்ப ஏறும்போது பாதி ஏணியில் நாய் திமிறியது. ஈரக் கை வழுக்கியது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மோதி நாய் கீழே விழுந்தது. எழுந்த ஓலத்தில் கைபேசிகள் தாழ்ந்தன. மூன்றாவது முறை அதைச் சாக்கில் கிடத்தித்தான் தூக்கினார்கள். பின்னங்கால் ஒன்று துணி மாதிரித் தொங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அம்மா ஆட்டோ பிடித்து, நாயை விலங்குகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்.

அலுவலகத்தில் லைவ் படத்தைத் தொகுத்தார். விழுந்த காட்சியை வெட்டினார். இறக்கும்போது எடுத்த அந்த முகத்தைக் கடைசியில், ஏற்றிவிட்ட பிறகு வருவதுபோல் ஒட்டினார். 'பள்ளத்தில் விழுந்து கால் முறிந்த நாய், உயிர் காத்தவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னது' என்று செய்தி எழுதினார். எழுதும்போது கை நிற்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அதிகம் கூசினார்.

மாலைச் செய்தியில் போன படம் மறுநாள் ஊரெல்லாம் சுற்றியது. யாரோ அதற்கு இசை சேர்த்தார்கள். பேர் தெரியாத தேசத்திலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது. மனைவி பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இத்தன வருஷத்துல நீங்க எடுத்ததுலயே இதுதாங்க படம். அத நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாமா?"

"ம்," என்றார்.

"ம்ன்னா? சந்தோஷமாச் சொல்லுங்களேன். உங்களுக்கும் அதுக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம் இருக்குங்கிறேன்."

அவள் மாடிப்படிக்குக் கீழே இடம் ஒழித்தாள். பழைய போர்வையைத் துவைத்து மடித்து வைத்தாள். ஒரு கிண்ணம் வாங்கினாள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அவருக்கு உண்மை வாய்வரை வந்தது, திரும்ப உள்ளே போயிற்று. தெருவில் கைகுலுக்க வந்தவர்களைக் கண்டால் வேறு சந்தில் திரும்பினார். தீயணைப்பு வீரரைக் கைபேசியில் அழைத்தார். அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் செய்தி ஆசிரியர் உத்தரவு போட்டார். "நாய் உன் வீட்டுக்கே வருதாமே! இதவிட நல்ல செய்தி கிடைக்குமா? கேமராவோட போ."

காப்பகம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. கால்நடை மருத்துவர் சிகிச்சை அறைக்கு அழைத்துப் போனார். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த நாய், போர்வையும் கிண்ணமுமாக உள்ளே போன மனைவியைக் கண்டதும் வாலை ஆட்டியது. அவள் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நகர்ந்து வந்து நக்கியது.

"பாத்தீங்களா, நான் யாருன்னு அதுக்குத் தெரியுது!"

வாசலில் நின்ற லைவ் கேமராவைத் தோளில் ஏற்றினார். "அப்படியே நில்லு, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு," என்றார்.

அந்தக் குரல் கேட்டதும் நாயின் காதுகள் தலையோடு ஒட்டின. தரையில் சிறுநீர் பரவியது. மாவுக்கட்டை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் ஓடியது. கட்டு மேசைக்காலில் மாட்டிக்கொண்ட பிறகும் விடாமல் இழுத்தது.

"வெளியே போங்க!" என்றார் மருத்துவர். லைவ் வெளியே போனார். நாய் மெல்லத் தலையை நீட்டியது. அவர் எட்டிப் பார்த்தார். தலை உள்ளே போய்விட்டது.

"இங்க எவ்வளவோ பேர் வர்றாங்க. அந்தத் தீயணைப்புக்காரர் தினமும் வந்து பேசாம உக்காந்துட்டுப் போறாரு. மொத நாள் கொஞ்சம் பயந்துச்சு, இப்ப அவர் கையில சாப்பிடுது. உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி நடுங்குது?" என்றார் மருத்துவர்.

மனைவி திரும்பினாள். "ஏங்க, என்ன பண்ணீங்க?"

வெட்டாத படம் இன்னும் கேமராவில்தான் இருந்தது; அழிக்க முயன்றும் அவரால் அழிக்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே அதன் சின்னத் திரையை இருவர் பக்கமும் திருப்பி ஓடவிட்டார். 'அப்படியே நில்லுங்கண்ணே! அருமை, அருமை!' என்று அவருடைய குரலே அதிலிருந்து கத்தியது. மேசைக்கு அடியில் நாய் முனகியது.

"சத்தத்த நிறுத்துங்க," என்றார் மருத்துவர்.

சத்தமில்லாமல் படம் ஓடி முடிந்தது. மனைவி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"அப்போ அது நன்றி சொல்லலியா?"

"இல்ல."

"பின்ன என்னதான் சொல்லுது?"

"கீழ விடாதேன்னு சொல்லுது," என்றார் அவர். சுவரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"அதப் பாத்துதானா நாங்க அத்தன பேரும் சந்தோஷமா அழுதோம்?"

அவள் போர்வையையும் கிண்ணத்தையும் மருத்துவரிடம் கொடுத்தாள். "இது எங்க வீட்டுக்கு வர வேணாம் டாக்டர். இவர் குரல் கேக்காத வீடாப் பாத்துக் குடுங்க."

லைவ் நடந்து கொட்டகையைத் தாண்டி, வெளிவாசல் கதவுவரை வந்துவிட்டார். கைபேசி அடித்தது. செய்தி ஆசிரியர்.

"என்னப்பா, எடுத்துட்டியா?"

"சார், அந்தப் படம் பொய். ஏத்தி முடிச்ச நாயை நான்தான் மறுபடி இறக்கச் சொன்னேன். கால் உடைஞ்சது என்னாலதான். முழுப் படத்தையும் போடணும் சார்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஊரே பாராட்டுது உன்னை!"

"அதான் சார் தாங்க முடியல. நீங்க போடலன்னா, நானே வெளியில போட்டுடுவேன்."

மறுமுனை எதையோ கத்திக்கொண்டிருந்தது. அவர் அழைப்பைத் துண்டித்தார். கேமராவை மதில்மேல் வைத்து, எப்போதும் நிற்கும் இடத்தைவிடப் பின்னால் போய் நின்றார். கசங்கிய சட்டையின் கீழ்ப்பாதி உட்பட, தலையிலிருந்து செருப்புவரை படத்தில் விழுந்தார். தடுமாறாமல் பேசினார்.

"ஆபத்துல இருக்கிற ஒரு உயிரைத் தூக்கிவிடறது அந்த உயிருக்காக. நாம பாக்கறதுக்காக இல்ல. படம் எடுக்கணும்னு அத மறுபடி ஆபத்துல தள்ளினா அதுக்குப் பேரு மீட்பு கிடையாது, கொடுமை. அந்தக் கொடுமையைச் செஞ்சவன் நான். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, ஆனா செய்யச் சொன்னது நான். இனிமே இப்படி ஒரு படத்தப் பாத்து உங்க கண்ணு கலங்கினா, எடுத்தவனக் கேளுங்க: நீ வர்றதுக்கு முன்னாடியே அந்த உயிர் மேல வந்திருந்துச்சான்னு."

இவ்வளவையும் வாய்க்குள் பேசுவதுபோல் மிகத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். காற்று கொட்டகைப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் உள்ளே கேட்டுவிடக் கூடாது.