வெட்டுவாயைப் பிடித்தவன்

அரிவாள் ரகுபதியின் கழுத்தை நோக்கி இறங்கியபோது கன்னியப்பன் செய்த முட்டாள்தனத்தை வடக்குப்பட்டில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான். தம்பி தசரதனின் மணிக்கட்டைப் பிடித்திருக்கலாம். இடுப்பைக் கட்டியிருக்கலாம். காலில்கூட விழுந்திருக்கலாம், மூத்தவன் என்ற மானம் அவனுக்கு அவ்வளவாகக் கிடையாது. இவனோ தோள்துண்டை விரித்து, இரண்டு உள்ளங்கையாலும் வெட்டுவாயை ஏந்தினான்.

பதினொரு வருஷப் பழக்கம். மெட்ராஸ் மியூசியத்தில், ஊர் வழக்கில் செத்த காலேஜில், ஆயுத அறைக்கு அவன் காவல்; லீவில் ஊருக்கு வந்திருந்தான். பழைய கத்தியைப் பிடியில் தூக்கினால் பிடி கழன்று வரும். துணி விரித்து அலகைத்தான் ஏந்த வேண்டும். அங்கே அதுதான் வேதம். அந்தக் கத்திகள் வெட்டுவதை விட்டு நூறு வருஷமாகிறது என்பது அப்போது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

சண்டை கூட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு. அறுபத்தெட்டுக் கோடை, கதிர் பால் பிடிக்கும் நேரம். தசரதனின் முறையில் பெரியப்பா மகன் ரகுபதி மடையைத் திருப்பிக்கொண்டான். கேட்கப் போனவனின் பல்லை மண்வெட்டிக் காம்பால் உடைத்தான். ரத்த வாயோடு வீட்டுக்கு ஓடிய தசரதன் வெறும் கையோடு திரும்பவில்லை.

துண்டு இரண்டாகக் கிழிந்தது. கன்னியப்பனின் வலக்கையில் இரண்டு விரல்கள் தோலில் தொங்கின.

"இன்னொரு தபா ஓங்கினா, இந்தக் கையும் கீது," என்று இடக்கையைக் காட்டினான்.

அந்நேரம் மாடு பூட்டி நின்ற வண்டி ரகுபதியுடையது மட்டும்தான். அவன் ஓட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால், அண்ணனின் கையை உயர்த்திப் பிடித்தபடி தசரதன், மடியில் அரிவாள். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி இன்னும் எட்டு மைல்.

"தூங்க வுடாத. பேச வையி," என்றான் ரகுபதி.

"நீ எனக்குச் சொல்லாத. உன் கணக்கு அப்பறம் கீது." தசரதன் குனிந்தான். "ண்ணா, செத்த காலேஜ் கத சொல்லு."

அந்தக் கதையை எடுத்தாலே கன்னியப்பனின் பெண்டாட்டி பாப்பம்மாளுக்கு அடுப்பில் சோறு பொங்கிவிடும். முழுசாகக் கேட்டவர் ஊரில் இல்லை. கன்னியப்பன் கண்ணைத் திறந்தான்.

"மொதல்ல அது வெள்ளக்காரன் ஆட்டமும் விருந்தும் நடத்துன எடம். அப்பறம் கல்லு, எலும்பு, கத்தின்னு கொணாந்து ரொப்புனாங்க. கொஞ்ச நாளு உசுரோட புலி கூட வெச்சிருந்தாங்க."

"புலியா?" ரகுபதி திரும்பவில்லை.

"அத்தினியும் செவப்பு செங்கல்லு. வளைவுக்குப் பக்கத்துல வளைவு. ஒண்ணு சாயப் பாத்தா பக்கத்துது தாங்கிக்கும்."

"பங்காளிங்க கட்டனது இல்லபோல," என்று தசரதன் ரத்தத்தைத் துப்பினான். ரகுபதியின் தோள் குலுங்கியது. சிரிப்பா, பயமா, பின்னாலிருந்து தெரியவில்லை.

"ஒரு மண்டபத்துல கலர் கண்ணாடி. மத்தியான வெயிலு தரையில செவப்பா வுழும். நாட்டுப்புறத்து சனங்க ஈரம்னு நெனச்சி, சேலையத் தூக்கிக்கினு தாண்டிப் போவாங்க…"

அரிவாள் மடியிலேயே இருக்க, வண்டிப் பலகையில் அண்ணனின் ரத்தம் சொட்டிய ஈரத்தில் பதிந்திருந்த தன் காலைத் தசரதன் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.