அவ வந்தா

பென்சிலின் மொட்டை முனையால் பெட்டியின் இரண்டாவது கண்ணாடி வால்வைத் தட்டினாள் சுகிர்தா. ஹெட்போனில் கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே கணவனின் மூச்சும் வந்தது. நாலைந்து இழுப்பு கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

"வந்துச்சா?" என்றார் கணவனின் அண்ணன் சுந்தரராஜ்.

"வந்துச்சு அத்தான். போயிட்டு."

சாப்பாட்டு மேசையைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு அதன் மேல் வால்வுப் பெட்டியை வைத்திருந்தாள். மைக்கில் விழும் சின்னச் சத்தத்தைத் தூக்கிப் பெரிதாக்கித் தரும் பெட்டி. மாடியில், பாட்டுப் பதிவு செய்யும் அறையில் இருந்ததை இறக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவள் கணவன் ஆனந்தகுமார் தன் கையால் கட்டியது. தொண்டையில் புற்று வந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்ட பிறகு அவன் குரல் வெறும் காற்றாகிப் போனது. கையில் பேனா நிற்கவில்லை. அந்தக் காற்று சுகிர்தாவின் காதில் ஏறாது. அண்ணனும் தம்பியுமாக நடத்திய மைக்செட்டில், சர்ச் கன்வென்ஷன் கூட்டங்களில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்து அவள் காதும் மந்தம், அத்தானின் காதும் மந்தம்.

"பக்கத்து வீட்டு மாடத்தியக் கூப்பிட்டுப் பாரேன். அவ கேட்டுச் சொல்லட்டும்."

"அவளுக்கு நம்மளவிட மோசம் அத்தான். தறி ஓடாத அன்னைக்கும் கத்தித்தான் பேசுதா."

சுந்தரராஜ் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டிலுக்கு அடியில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று விடியும்போது வால்வு செட் நன்றாகத்தான் இருந்தது. "எப்சிபா கெளம்பிட்டாளா?" என்று கேட்டான் ஆனந்தகுமார். மகளின் பெயரை அவன் சொல்லி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் தன்னோடு வேலை பார்த்தவனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போட்டோவை மட்டும் அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. நேற்று ராத்திரி சுகிர்தா அவளுக்குப் போன் செய்தது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"பஸ்ல வந்துக்கிட்டிருக்கா. மத்தியானம் வந்துருவா."

அவன் கண்ணை மூடித் திறந்தான். "அவ வந்தா..." என்றான். அதோடு ஹெட்போன் அடங்கிவிட்டது.

உதடுகள் ஓடிக்கொண்டே இருந்தன. நின்று, எச்சில் விழுங்க முயன்று, மறுபடியும் ஓடின. சுகிர்தா தலையாட்டினாள். கூட்டம் நடக்கும்போது மைக் போய்விட்டால் அப்படித்தான் செய்ய வேண்டும். பாடுகிறவர் திரும்பிப் பார்ப்பார். நல்லாக் கேக்குது என்று அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். கை மட்டும் மேசைக்கு அடியில் வயரைத் தேட வேண்டும். கல்யாணமான புதிதில் ஆனந்தகுமார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை அது. யோசித்துச் செய்யவில்லை. தலை தானாக ஆடியது, கை தானாக வயரைத் தேடியது. அதற்குள் அவன் சொல்லி முடித்துவிட்டான். அவள் தலையாட்டுவதைப் பார்த்தான். அவன் நெற்றியில் இருந்த சுருக்கம் மெல்ல விரிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னங்க, கேக்கலங்க. இன்னொரு தடவ சொல்லுங்க" என்று அவள் தோளைத் தொட்டபோது அவன் மயக்கத்துக்குப் போயிருந்தான். அதன் பிறகு இரண்டு தடவை உதடு அசைந்தது. இரண்டு தடவையும் செட் கைவிட்டது.

வயரை மாற்றிப் பார்த்தாள். மைக்கை மாற்றினாள். வால்வுகளை இடம் மாற்றிச் செருகினாள். அவற்றின் கால்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வரும், நம்பிக்கை வரும், போய்விடும்.

"நீ ஏன் இந்தப் பாடு படுத?" என்றார் சுந்தரராஜ். "அவன் என்ன சொல்லியிருப்பான்? எங்கிட்டச் சொன்னதத்தான் சொல்லியிருப்பான். நான் செத்தாலும் அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னான்."

"எப்ப சொன்னாவ?"

"அந்தப் போட்டோ வந்த அன்னைக்கு."

"அது அன்னைக்கு."

"ரெண்டு வருசத்துல ஆளு மாறிருவானா?"

அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. இருபத்தைந்து வருஷம் கூடவே இருந்தவனின் ஒரு வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. அவ வந்தா உள்ள விடாத. அவ வந்தா என்னைய எழுப்பு. அவ வந்தா அந்தப் பயலையும் கூட்டிட்டு வரச் சொல்லு. அவ வந்தா மூஞ்சிய மூடிரு. எல்லாமே அவன் குரலில் பொருந்தின. ஒவ்வொன்றையும் அவன் சொல்வதாகவே மனசுக்குள் கேட்க முடிந்தது.

பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தாள். இதுவரை திறந்ததில்லை. சுவிட்ச அணைச்சாலும் உள்ள கரண்ட் உக்காந்திருக்கும், நீ கை வைக்காத என்பான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு திரும்பியபோது தெரு சட்டென்று அமைதியானது. தறிகள் நின்றிருந்தன. ஃபேன் தளர்ந்து சுற்றியது. கட்டிலுக்கு அடியில் மிஷின் கீச்சென்று கூவியது.

"சிலிண்டர், அத்தான், சிலிண்டர்!"

சுந்தரராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து சிலிண்டரைத் திருகினார். குழாயை மாற்றிச் செருகினார். "தம்பி, இந்தா, இந்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனந்தகுமார் கண்ணைத் திறந்திருந்தான். உதடு அசைந்தது. சுகிர்தா ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு அவன் வாயின் மேல் காதை வைத்தாள். சூடு தெரிந்தது, ஈரம் தெரிந்தது. காதுக்குள் எப்போதும் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. இன்னும் அழுத்தினாள். நிமிர்ந்து உதட்டைப் படிக்கப் பார்த்தாள். 'அ' என்று விரிந்தது. அதற்கு மேல் என்ன எழுத்தாகவும் இருக்கலாம்.

"கேக்கல" என்றாள் யாருக்கோ. "எனக்குக் கேக்கல."

வெகுநேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. வால்வுகளில் செம்மை ஏறுகிறவரை காத்திருந்து ஹெட்போனை மாட்டினாள்.

மூச்சு கேட்டது. தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரம் போனது, அப்போதும் கேட்டது. அவள் எதையும் தட்டவில்லை, எதையும் தொடவில்லை.

அப்போதுதான் புரிந்தது. டிரை சோல்டர். உள்ளே எங்கோ ஓர் இடத்தில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. ஆறியிருந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடு ஏற ஏற விலகும். நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் செட்டை அணைக்கவே இல்லை. எந்த நேரம் வாயைத் திறந்தாலும் தயாராக இருக்கட்டும் என்று, இரவெல்லாம் அதைச் சூடாகவே வைத்திருந்தாள். காலையில் ஒரு தடவை அணைத்து ஆறவிட்டிருந்தால் போதும். அவள் கேட்டிருப்பாள்.

மைக்கை அவன் உதட்டுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "சொல்லுங்க. இப்ப கேக்குது. நெசமாவே கேக்குது."

"செட் சரியாயிட்டா?" என்று சுந்தரராஜ் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"சரியாயிட்டு. சொல்லுங்க, எப்சிபா வந்தா..."

ஒரு மூச்சு. நீண்ட இடைவெளி. இன்னொரு மூச்சு, அதன் அடியில் மெல்லிய கரகரப்பு. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் கரகரப்புக்குள் ஏதாவது ஓர் எழுத்து இருக்கிறதா என்று தேடினாள். மறுபடியும் இடைவெளி.

ஹெட்போன் அடங்கியது.

செட் சூடாகிவிட்டது என்று நினைத்தாள். பென்சிலை எடுத்து இரண்டாவது வால்வைத் தட்டினாள். முதல் வால்வைத் தட்டினாள். சுந்தரராஜ் ஏதோ சொல்கிறார் என்று தெரிந்தது. கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டுத் திரும்பவும் தட்டினாள். கர்ரென்று வந்தது. ஃபேன் சுற்றுவது கேட்டது. சிலிண்டர் பாட்டிலில் தண்ணீர் குமிழ்விடுவது கேட்டது. தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன். அத்தானின் குரல் மிகப் பெரிதாக, மிகத் தெளிவாக, "சுகிர்தா, விடும்மா" என்றது.

அவ்வளவுதான் கேட்டது.

ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்கள் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். வால்வுப் பெட்டியின் வயரை அவளே பிடுங்கி இடம் கொடுத்தாள். மாடத்தி வந்து அவளைக் கட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். ஆட்கள் நிறைந்துகொண்டிருந்தபோது வாசலில் பேச்சு நின்றது.

எப்சிபா கேட்டுக்கு வெளியே தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதே யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும், முகம் வீங்கியிருந்தது.

"அங்கனயே நில்லுட்டி" என்றார் சுந்தரராஜ். அவருக்கும் குரல் உடைந்துதான் இருந்தது. "ஒங்கப்பன் சொல்லிட்டுத்தான் போயிருக்கான்."

"என்ன சொன்னாவ பெரியப்பா?"

"நீ வரக் கூடாதுன்னு."

எப்சிபா அவரைத் தாண்டி உள்ளே அம்மாவைத் தேடினாள். "அம்மா, நெசமாம்மா? அப்பா வேண்டான்னா நான் இப்படியே போயிருதேன். அவிய சொன்னதச் செய்யி."

எல்லோரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"அது ரெண்டு வருசத்துக்கு முந்திச் சொன்னது" என்றாள். "கடைசில செட் சரியாயிட்டுல்லா அத்தான்? நீங்களுந்தான பக்கத்துல நின்னீங்க. அப்பச் சொன்னாவ."

சுந்தரராஜ் அவளையே பார்த்தார்.

"அவ வந்தா" என்றாள் சுகிர்தா. அந்த இடத்தில் மூச்சு தடுக்கியது. "அவ வந்தா எந் தலமாட்டுல உக்காரச் சொல்லுன்னாவ."

தம்பியின் உதட்டுக்கு ஒரு முழம் தள்ளித்தான் சுந்தரராஜ் நின்றிருந்தார். அது அசைந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு உள்ளே போய், ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர்களை நகரச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டார்.

எப்சிபா பையைக்கூட இறக்காமல் நேராக வந்து அதில் உட்கார்ந்தாள். கண்ணாடியின் மேல் முகத்தை வைத்துக்கொண்டாள். காலில் செருப்போடு வந்துவிட்டாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

சுகிர்தா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, செருப்பின் வாரைக் கழற்றத் தொடங்கினாள்.