வரச் சொன்னேன் என்றாள்

திருப்பத்தூரில் ஃபரூக் பாயின் இசைக்கருவிக் கடைக்கு முக்கால்வாசி வாடிக்கை ஜவ்வாது மலையிலிருந்துதான். திருவிழாவுக்கு மேளம், பஜனைக்கு ஆர்மோனியம், கல்யாணத்துக்குக் கீபோர்டு என்று எதற்கும் மலைமேலிருக்கும் புதூர்நாட்டுக்காரர்கள் அங்கேதான் வருவார்கள். கீபோர்டு வாடகைக்குப் போனால் வாசிப்பதற்கு மகன் ஃபஹீமும் கூடவே போவான். மலையில் பாதிப் பேருக்கு அவன் தம்பி.

போன ஆடித் திருவிழாவுக்கு வாசித்துவிட்டு அவன் திரும்பிய ஜீப், வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. ஓட்டிவந்த மாதையன் தோள் எலும்பு முறிந்து பிழைத்தார். ஃபஹீம் பிழைக்கவில்லை. இருபத்து மூன்று வயது.

அடக்கத்துக்கு இரண்டு வேன் நிறைய மலை ஜனம் வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போளூருக்குப் போய் வாங்குகிறார்கள் என்று காதில் விழுந்ததும் ஃபரூக் கடை திறப்பதையே குறைத்துக்கொண்டார்.

"நம்ம புள்ளைய மறந்துட்டாங்க ஜாஹிதா" என்றார் ஒருநாள் மனைவியிடம்.

அவர் அழுததைவிட அந்தச் சொல்தான் அவளைக் குத்தியது. மறுநாள் காலை மலைக்கு பஸ் ஏறினாள். கடைக்கு வரச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம், அவ்வளவுதான். எந்த வளைவு என்று அவளுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாதையன் வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அம்மாக்கண்ணு, அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடினாள். மாதையன் வெளியே வந்தார். உட்காரவில்லை.

"ஏன் யாரும் கடைக்கு வர்றதில்ல?" என்று கேட்டாள் ஜாஹிதா.

"எந்த மூஞ்சிய வெச்சிகினு வர்றதுங்க."

"நாங்க இன்னா சொன்னோம்? மழையில வண்டி வழுக்குனா நீங்க இன்னா பண்ணுவீங்க?"



"தம்பி வாணாம்னுதாங்க சொல்லிச்சி. மழ விடட்டும்ணா, அப்புறம் போலாம்னு ரெண்டு வாட்டி சொல்லிச்சி. நாந்தான், எனக்குத் தெரியாத ரோடான்னு ஏத்திகினு வந்தேன். ஊருக்கே தெரியும். அதாங்க யாரும் வர்ல."

கோபப்பட ஆளில்லாமல்தான் அவள் இத்தனை நாளும் அழுதிருந்தாள். இப்போது எதிரே ஆள் நின்றார், ஒரு பக்கத் தோள் இறங்கிப்போய். அம்மாக்கண்ணு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தாள். கடைக்கு வாங்க என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அதைச் சொல்லவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் ஃபரூக் காத்திருந்தார். "இன்னா சொன்னாங்க?"

"மறக்கலங்க. நம்ம மூஞ்சிய பாக்க முடியாமதான் வர்லயாம்."

"வரச் சொன்னியா?"

அவர் முகத்தைப் பார்த்தாள். "சொன்னேன். வர்றேன்னாங்க."

மறுநாள் எட்டு மணிக்கே அவர் ஷட்டரைத் தூக்கினார். மேளங்களின் தூசி தட்டி, தளர்ந்த வார்களை இழுத்துக் கட்டினார். மலை பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் தெருவில் இறங்கி நின்றார். ஒவ்வொரு முறை அவர் திரும்பி வரும்போதும் ஜாஹிதா ஆர்மோனியத்தைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.