ஃபிட்டர் அய்யாக்கண்ணுவின் லீவும் ஒன்பதாம் நூற்றாண்டு மடாதிபதியும்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. கலையார்வம் என்றால் நம்பவா போகிறீர்கள்? காஞ்சன்பாக் அரசுத் தொழிற்சாலையில் எங்கள் ஜெனரல் மேனேஜர் ராஜாராமனைப் பற்றி எழுத வேண்டும். ஆனால் வேலையும் குவார்ட்டர்ஸும் போகக் கூடாது. ஆகவே கதையை ஒன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குக் கடத்திவிட்டேன். அங்கே எங்கள் விஜிலென்ஸ் வராது.

(மடாதிபதி என்றதும் விபூதிப் பட்டை தெரிந்தால் அழித்துவிடுங்கள். இவருக்கு உச்சந்தலையை மட்டும் வழித்திருக்கும். அபிட்ஸ் நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம் அவ்வளவுதான் சொல்கிறது.)

2

முதல் தொடக்கம்: 'பனி பெய்துகொண்டிருந்தது. மடாலயத்தின் மணி...' வேண்டாம். நான் பனியைப் பார்த்தது கேண்டீன் ஃபிரிட்ஜில்தான்.

இரண்டாவது: 'தவக்காலத்தில் துறவிகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. விருந்தினர் வந்தால் மட்டும் மடாதிபதி அவரோடு சாப்பிடலாம். கடவுள் கிருபை, விருந்தினர் வராத நாளே இல்லை.'

மனைவி திரிபுரசுந்தரி படித்தாள். "ஏன்னா, டெல்லிலேர்ந்து ஆள் வந்தா கெஸ்ட் ஹவுஸ்ல உங்க ஜி.எம். வெளுத்துக்கட்றதுதானே இது? தலையை வழிச்சுட்டா அடையாளம் தெரியாதா?"

ஆயிரத்துச் சொச்சம் வருஷம் போதவில்லை!

3

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு துறவியின் தாய் சாகக் கிடக்கிறாள். போய்ப் பார்க்க அனுமதி கேட்கிறான். மடத்து விதி அருமையானது: மடாதிபதி எல்லோரையும் கூட்டி, கடைக்குட்டி வரை கருத்துக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி செய்யலாம். (எங்கள் தொழிற்சாலையில் இதற்குப் பெயர் கலந்தாலோசனை.)

எல்லோரும் "தங்கள் சித்தம்" என்கிறார்கள். மிச்சம் இருப்பது ஆக இளைய துறவி. அவன் வாயைத் திறந்து

4

[இந்தப் பகுதியை எழுதும் உத்தேசமே இல்லை.]

கதவைத் தட்டியது ஃபிட்டர் அய்யாக்கண்ணு. அவருடைய அம்மா லால்குடி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இது மார்ச் மாதம். உற்பத்தி இலக்கு முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது. நாளை அதிகாரிகள் கூட்டத்தில் இவர் லீவைப் பற்றி ஜி.எம். எங்களிடம் 'கருத்து' கேட்பார். அந்த அதிகாரிகளில் ஆக இளையவன் நான்.

"அம்மாவுக்குப் பேச்சு நின்னுபோச்சாம் சார்," என்றார். சாப்பாட்டு வேளையில் இந்தக் கதையை அவரிடம் அளந்திருந்தேன். "அந்தச் சாமியாரை அனுப்பிட்டாங்களா?"

"இன்னும் எழுதலை."

"நீங்கதானே சார் எழுதறது? அனுப்பிடுங்க. எதுக்கு யோசிக்கறீங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

5

முடிவுகள் கைவசம் உண்டு.

அ) இளையவன் "போகட்டும்" என்கிறான். மடாதிபதி மனம் உருகுகிறார். (சிரிக்காதீர்கள்.)

ஆ) இளையவன் "போகட்டும்" என்கிறான். மறுநாள் முதல் பன்றி மேய்க்கிறான். (எனக்கென்றால் மாற்றல் போட, ஊருக்கு வெளியே போலாரம் தாண்டி ஒரு கிடங்கு இருக்கிறது.)

இ) "தங்கள் சித்தம்." வெட்கக்கேடு, நடை இதில்தான் சரளமாக வருகிறது.

6

இதைக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். குறிப்பெடுக்கிறேன் என்று நினைக்கிறார்கள். "ஆஸ் யூ ஸே, சார்" என்று வரிசையாக வருகிறது. கண்ணாடிக்கு வெளியே அய்யாக்கண்ணு பையோடு நிற்கிறார்.

"நீ என்னப்பா சொல்றே?" என்கிறார் ராஜாராமன்.

வாசகரே, அந்தத் துறவியை நீங்களே ஊருக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுக்கென்ன, குவார்ட்டர்ஸா போகப்போகிறது? பேனாவை மூடிவிட்டு எழுந்து நிற்கிறேன்.