முதல் பந்திக்கு முன்

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் பியானோ பேராசிரியை. வெளிநாட்டு மேடைகளிலும் வாசிக்கிறவள். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் சொந்த ஊரான கொட்டாரத்துக்குப் போன் போடுவேன். அப்பா சிவதாணு எடுத்து, "சாப்பிட்டியா மக்கா?" என்பார். கச்சேரி எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஜெர்மனியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றால், அங்கே சோறு கிடைக்குமா என்று விசாரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தடவையாவது என் வாசிப்பை அவர் முழுசாகக் கேட்க வேண்டும். அந்த ஆசையில்தான் போன மாதம் கொட்டாரத்திலேயே கச்சேரி வைத்தேன். பியானோ நுழையும் அளவுக்கு வாசல் இருந்தது கல்யாண மண்டபத்துக்கு மட்டும்தான். ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடாமல் அனுப்புவது மரியாதையில்லை என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அவியல், எரிசேரி, இரண்டு பாயசம் என்று ஏற்பாடு தடபுடலானது.

ஊரே வந்தது. சலவை வேட்டியில் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்தார். வாசித்தது நானே எழுதிய மூன்று பாக இசை. முதல் பாகம் குழந்தைகளின் அழுகைக்கு நடுவே ஒருவழியாகக் கரையேறியது. இரண்டாவது பாகத்தின் முடிவில் இரண்டு கைகளாலும் முழக்கித் தள்ளும் இடம் ஒன்று உண்டு. வினை அங்கேதான் இருந்தது. அந்த மண்டபத்தில் முழக்கம் எழுந்தால் அது கெட்டிமேளம். தாலி ஏறியாயிற்று, அடுத்தது பந்தி. பழகிய கால்கள் சும்மா இருக்குமா? கூட்டம் மொத்தமாக எழுந்தது. ஒருத்தி தலையிலிருந்த பூவைக் கிள்ளி மேடையை நோக்கி எறிந்தாள்.

எல்லோருக்கும் முன்னால் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி விறுவிறுவென்று போனவர் என் அப்பா.

அழுகை முட்டியது. முழக்கத்தை அவசர அவசரமாக முடித்தேன். மூன்றாவது பாகம் மிகவும் மெல்லியது. காலி நாற்காலிகளாவது கேட்கட்டும் என்று தொடங்கினேன்.

காலடிச் சத்தம் சட்டென்று நின்றது. தலையைத் திருப்பினேன். சாப்பாட்டுக் கூடத்தின் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார் அப்பா.

"போய் இரியும்வேய். இன்னும் தீரல்ல. கடைசி பாகம் மெள்ளத்தான் வரும். அதத்தான் கேக்கணும்."

கூட்டம் அசடு வழிந்தபடி நாற்காலிகளுக்குத் திரும்பியது. அப்பா மட்டும் கதவை விட்டு நகரவில்லை. அவருக்காகவே வாசித்தேன். அப்படி நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டு மேடைக்கு வந்தார்.

"ரெண்டாவது பாகம் முடியப்போ எதுக்கு அப்படி ஓடுன? போன்ல கெடக்கதுல நிதானமால்லா இருக்கும்."

எந்தப் போனில் என்று கேட்டேன். என் கச்சேரி எல்லாமே அவர் போனில் இருக்கிறதாம். வயலுக்குத் தண்ணீர் திருப்பும்போது போட்டுக் கேட்பாராம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. பிறகு ஏன் ஒருநாளாவது கச்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சண்டைக்கு நின்றேன்.

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பாட்டு எப்படியும் போன்ல வந்திரும் மக்கா. நீ சாப்பிட்டியா இல்லியான்னு அதுல வராதுல்லா."