தலையணையில் படாத தலை

எங்கள் மூளை ஆராய்ச்சிக்கு எண்பது வயதைக் கடந்தவர்கள் இருபது பேர் வேண்டும். பத்தொன்பது பேரை முடித்துவிட்டோம். தலைக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தலையணை இரவல் வாங்கியது, அன்று மாலை ஐந்து மணிக்குத் திரும்பிப் போகிறது. இருபதாவது ஆளாக என் மாமனார் வந்து படுத்தார். ஸ்கேன் எடுப்பவள் நான்.

வேலை இதுதான். தலையணை மெல்ல அதிரும். அந்த அதிர்வு மூளைக்குள் அலையாகப் பரவுவதை ஸ்கேன் படம் பிடிக்கும். விறைப்பான திசுவில் அலை விரைந்து ஓடும். மெத்தென்று இருந்தால் மெதுவாகப் போகும். வயது ஏற ஏற மூளை இளகுகிறது. எந்தப் பகுதி எவ்வளவு என்பதுதான் எங்கள் கேள்வி. இதையெல்லாம் முந்தின நாளே அவரிடம் விளக்கித் தொலைத்திருந்தேன்.

முதல் படத்தில் அலையே இல்லை. தலையணையை அதிர வைக்கும் காற்றுக் குழாயைக் கழற்றி மாட்டினேன். இரண்டாவதும் அப்படியே. மணி நாலு.

"மாமா, தலையை ஆட்டினீங்களா?" என்று மைக்கில் கேட்டேன்.

"இம்மி அசையலைம்மா. கல்லு மாதிரி கிடக்கேன்."

"கல்லு மாதிரியெல்லாம் வேண்டாம். சும்மா கிடந்தா போதும்."

"சும்மா கிடக்கறதுக்கு உன் புருஷனைக் கூப்பிட்டிருக்கணும்."

மூன்றாவதும் வீண். உள்ளே போய்ப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தலைக்கும் தலையணைக்கும் நடுவே என் விரல் தாராளமாக நுழைந்தது. முக்கால் மணி நேரமாக மனிதர் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்!

"என்ன மாமா இது?"

"விறைப்பா வச்சாத்தானே விறைப்பா காட்டும்? கொழகொழன்னு காட்டி, உன் மாமியார்கிட்ட என் மானம் போகணுமா?"

எனக்குப் பொறுமை போயிற்று. "கழுத்தை இறுக்கினா மூளை இறுகாது மாமா! எல்லாருக்கும்தான் இளகுது. போன மாசம் சோதனைக்கு என்னையே படுக்க வச்சாங்க. என் வயசுக்கு இருக்க வேண்டியதைவிட மெத்துன்னுதான் இருந்துச்சு. நான் என்ன, வேலைக்கு வராமலா இருக்கேன்?"

"நிஜமாவா?" முகம் மலர்ந்தது. தலை பொத்தென்று தலையணையில் விழுந்தது.

நாலே முக்காலுக்குத் திரையில் அலைகள் வரி வரியாக வந்தன. இருபது பேரும் ஆயிற்று. தனி ஆளுடைய அளவைச் சொல்லக் கூடாது என்ற விதியை நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள், "என்னோடது எதுக்கும்மா?" என்று பெருந்தன்மையாகக் கையசைத்துவிட்டு வெளியே போனார்.

தலையணையைப் பெட்டியில் வைத்து நான் வருவதற்குள், காத்திருந்த என் கணவரிடம், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார்: "டேய், அவளை இனிமே எதுவும் கேட்காதே. பாவம், உள்ளே ரொம்ப மெத்துன்னு இருக்காம்."