மலையை வைக்கவா, எடுக்கவா

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தங்கை சாப்பாட்டு மேசையில் எரிச்சலோடு சொன்னதைச் சுட்டுவிட்டேன். அவள் துணை விமானி. சொல்லி முடித்ததும், "இதையும் கதையா எழுதித் தொலைக்காத" என்றாள். அதற்குள் முதல் வரி மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது.

2

மரண பயத்தில் அத்தனை உயிர்களும் உறைந்திருக்க, மேகத்தைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம்...

(வேண்டாம். படித்துக் காட்டினேன். "யாரும் உறையல. பாதிப் பேரு தூங்கிட்டிருந்தாங்க" என்றாள்.)

சரி, நேராகவே சொல்லித் தொலைக்கிறேன். தரை நெருங்குகிறது என்று விமானிகளை எச்சரிக்க ஒரு கருவி உண்டு. அன்று அவள் இறங்க வேண்டியிருந்த விமான நிலையத்துக்கு முன்னால் ஒரு மலை இருப்பதால், சரியான பாதையில் இறங்கினாலும் அது "மேலே இழு, மேலே இழு" என்று கத்தும். (நிஜத்தில் ஆங்கிலத்தில் கத்தும். என் கதையில் தமிழில் கத்தட்டும்.) அடிக்கடி அங்கே போகும் கேப்டன்களுக்கு அது கேலிப்பொருள். அது கத்தும் இடம் அவர்களுக்கு அத்துப்படி. அதனால் முந்திக்கொண்டு அதே குரலில் தாங்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று சுற்றிலும் மேகம். ஓட்டியது தங்கை, பக்கத்தில் கேப்டன். அவர் வாய் திறப்பதற்குள் கருவி கத்திவிட்டது.

"இங்க இது இப்படித்தான். நீ இறங்கும்மா."

"இன்னைக்கு உங்களுக்கு முன்னாடியே கத்துது சார்."

சொல்லிக்கொண்டே வேகத்தை முழுக்கக் கொடுத்து, மூக்கைத் தூக்கி, மேலே ஏறிவிட்டாள். ஒரு சுற்று சுற்றி வந்து அலுங்காமல் இறக்கினாள்.

3

இங்கேதான் எனக்குத் தலைவலி. கதைக்கு மலை வேண்டும். மேகம் விலகி, சக்கரத்துக்கு அடியில் பாறை தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"மலை தெரிஞ்சுதா?"

"மேகம்தான் தெரிஞ்சுது."

"கொஞ்சூண்டு பாறை?"

"அண்ணா, காய்கறியா வாங்குற, கொசுறு கேக்குறதுக்கு?"

இப்படி ஒத்துழைக்காத கதாபாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மலையை வைத்தால் அவள் வீராங்கனை. எடுத்தால் பயந்தாங்கொள்ளி. இரண்டிலும் அவள் செய்தது ஒன்றேதான். இது உறைக்க இத்தனை வரைவுகளைக் கிழிக்க வேண்டியிருந்தது.

4

முடிவு அ: விமானத்தின் கறுப்புப் பெட்டிப் பதிவைப் படித்தவர்கள், விமானம் தாழ்ந்துதான் வந்தது என்கிறார்கள். கேப்டன் தலைகுனிந்து அவளிடம்...

(அவரா? நல்ல கதை.)

முடிவு ஆ: கருவி வழக்கம்போல் சும்மா கத்தியது என்கிறார்கள். அவள்...

உண்மையில் விசாரணை அறிக்கை இன்னும் வரவில்லை. வந்ததெல்லாம் கேலிதான். விமானிகளின் ஓய்வறைக்குள் அவள் நுழைந்தாலே யாராவது அந்தக் குரலில் "மேலே இழு" என்கிறார்கள். தாமதமாகிவிட்டதென்று பயணிகள் வேறு புகார் எழுதியிருக்கிறார்கள்.

நேற்று அவளே என் அறைக்கு வந்தாள். நாளைக்கு அதே ஊர், அதே கேப்டன்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்ணா. ஆனா அடுத்த தடவை அது கத்துறப்போ இவங்க சிரிப்பும் சேர்ந்து கேக்கும்ல? கை ஒரு நொடி நின்னுடுச்சுன்னா?"

கதை வரவில்லை என்ற எரிச்சலெல்லாம் போய், இப்போது நிஜமாகவே பயமாக இருக்கிறது.

5

முடிவு இ எழுத மாட்டேன். மலை இருந்ததா என்றும் என்னைக் கேட்காதீர்கள். மலை இருக்கிறதா இல்லையா என்று முதலில் சொல்லிவிட்டு யாரும் அவளை மேலே இழுக்கச் சொல்லவில்லை.

வேண்டுமானால் அந்த விமானத்தில் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். ஜன்னலோர இருக்கை. கீழே உங்களுக்கு அவசர வேலை. வெளியே மேகம். கருவி கத்துகிறது, கேப்டன் சிரிக்கிறார், அவள் கை விமானத்தை மேலே இழுக்கும் கோலின் மேல் இருக்கிறது. என்ன செய்ய என்று நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள்.